இஸ்தான்புல் போகிறீர்களா? நீங்கள் கேட்காமல் வரும் தட்டில் கை வைக்காதீர்கள்

இஸ்தான்புல்லில் குறைந்த காசில் வயிறார, ருசியாகச் சாப்பிட முடியும். ஆனால் சுற்றுலாப் பயணிகள் குவியும் சுல்தானாஹ்மெத், கலாட்டா பாலத்தின் கீழ்த்தளம், தக்சிம் பக்கத்துச் சந்துகள் ஆகிய இடங்களில் விலை கேட்காமல் உட்கார்ந்தால், மூன்று நாள் சாப்பாட்டுக் காசு ஒரே வேளையில் போய்விடும். ஏமாந்தவர்கள் சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான்.

வாசலில் நிற்பவர் அன்பாகக் கூப்பிடுகிறார். மெனுவில் விலை நியாயமாகவே இருக்கிறது. இருவர் இரண்டு கபாப் சொல்கிறார்கள். அது வருமுன்பே பந்துபோல உப்பிய, எள் தூவிய ரொட்டி, ஆலிவ், காரமான தக்காளி மசியல், கெட்டித் தயிர், தண்ணீர் பாட்டில் எல்லாம் வரிசையாக மேசைக்கு வந்துவிடுகின்றன. நம் ஊரில் தோசைக்குச் சட்னி சாம்பார் வருவதுபோல என்று நினைத்துச் சாப்பிடுகிறார்கள். பில்லில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனித்தனி விலை. அதன் கீழே ‘குவெர்’ என்று ஆளுக்கு ஒரு மேசைக் கட்டணம், அதற்கும் கீழே ‘செர்விஸ்’ என்று பரிமாறும் கட்டணம் (2026-இல் தடை வரும்வரை இவை இரண்டும் வழக்கம்). இரண்டு கபாபின் விலையைவிட மற்றதெல்லாம் கூடுதல்.

குழப்பம் எங்கே என்றால், நேர்மையான கபாப் கடைகள் பலவற்றில் இதே கிண்ணங்கள் உண்மையிலேயே இலவசம். அதனால் தட்டு மேசையைத் தொட்டவுடனே “இக்ராம் மி?” என்று கேளுங்கள். துருக்கி மொழியில் இலவசமா என்று அர்த்தம். இல்லை என்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பிறகு வாதாட முடியாது. “பிர் புச்சுக்?” என்று சர்வர் கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள், அது ஒன்றரை பங்கு, விலையும் ஒன்றரை மடங்கு.

மீன் கடையில் இன்னும் கவனம் வேண்டும். மெனுவில் விலை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அந்த மீன் எடைக்கு விற்கப்படுகிறது. ஐஸ் மேல் கிடக்கும் மீனைக் காட்டிச் சம்மதம் வாங்குவார்கள்; கிலோ விலை பில்லில்தான் தெரியும். உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லி, மொத்தத் தொகையைத் தாளில் எழுதி வாங்கிய பிறகு அடுப்புக்கு அனுப்புங்கள்.

தெருவில் மிட்யே தொல்மா. மசாலாச் சோறு அடைத்த சிப்பி. விற்பவர் ஓட்டைத் திறந்து, எலுமிச்சை பிழிந்து கையில் கொடுப்பார். நீங்கள் விழுங்கும்போதே அடுத்தது தயாராக இருக்கும். “போதும்” என்று சொல்லும்வரை நிறுத்தமாட்டார். ஒன்றின் விலை சிப்பியின் அளவுக்கேற்ப மாறும். எந்த அளவு, ஒன்று எத்தனை லிரா என்று முதலிலேயே கேளுங்கள். காலி ஓடுகளைப் பக்கத்தில் அடுக்கி வையுங்கள், அதுதான் உங்கள் கணக்கு. வெயிலில் வைத்த தட்டிலிருந்து வாங்கவே வேண்டாம்.

மசாலாச் சந்தையில் லொகும் என்ற துருக்கி மிட்டாய் வாங்கும்போது “யூஸ் கிராம்” என்று நூறு கிராமை அழுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் விலையுயர்ந்த பிஸ்தா வகையாகவே பெட்டியை நிரப்பிவிடுவார்கள்.

கார்டு கொடுத்தால், மெஷின் ரூபாயிலா லிராவிலா என்று கேட்கலாம். லிராவையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். பின் நம்பர் அழுத்துமுன் பூஜ்யங்களை எண்ணுங்கள்.

காசு மிச்சமாக வேண்டுமானால் ‘எஸ்னாஃப் லொகந்தாசி’ தேடுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் மதியம் சாப்பிடும் இடம். சமைத்த பண்டங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். விரலால் காட்டினால் போதும். “யாரிம்” என்றால் அரைப் பங்கு. பன்னிரண்டரை மணிக்குள் போங்கள். இரண்டு மணிக்குப் பிறகு நல்லதெல்லாம் தீர்ந்துவிடும். மெர்ஜிமெக் என்ற பருப்புச் சூப்பும் ரொட்டியும் ஒரு வேளைக்குத் தாங்கும். சைவர்கள் அதில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் ‘ச்சீ கொஃப்தே’ என்று விற்பது, பெயருக்கு அர்த்தம் அப்படி இருந்தாலும், பச்சை இறைச்சி அல்ல, கோதுமை ரவையில் செய்தது. அதை மெல்லிய ரொட்டியில் சுருட்டி வாங்கினால் மலிவு.

விலைப்பட்டியல் வாசலிலும் மேசையிலும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மெனு விலையில் வரியும் அடக்கம். பில்லில் வரியைத் தனியாகச் சேர்த்தால் கொடுக்க மறுக்கலாம். ‘ஃபிஷ்’ என்னும் அச்சடித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் மெனுவைப் படம் எடுத்துக்கொண்டு, நுகர்வோர் புகார் எண் 175-ஐ அவர்கள் எதிரிலேயே அழையுங்கள்.