பி.எஸ்.டபிள்யூ. கோர்ஸ்: பொதுக் கல்லூரியில் படிப்பது பெறுமதியா?

வேலை செய்த தொழிற்சாலை மூடிவிட்டது, ஊரில் படித்த படிப்பை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை, பிள்ளைகளோ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் இப்படி நிற்கிற தமிழர்களிடம் சொந்தக்காரர் முதலில் சொல்வது "பி.எஸ்.டபிள்யூ. எடுத்துப் பாருங்கோ" என்பதுதான். பி.எஸ்.டபிள்யூ. என்றால் பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர்: முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி, எழுப்பி இருத்துகிற வேலை அது. ஒன்ராறியோவின் பொதுக் கல்லூரிகள் இரண்டு செமஸ்டரில் இதற்குச் சான்றிதழ் தருகின்றன. படிப்பு தரமானது. ஆனால் வகுப்பறைக்கும் பிளேஸ்மென்டுக்கும் (வேலைத்தலத்தில் செய்யும் பயிற்சிக்கும்) நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. இடையில் நிறுத்துகிறவர்களில் பலர் அங்கேதான் விழுகிறார்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ.வாகச் சேர, வகுப்பும் செய்முறையும் சேர்த்துக் குறைந்தது 600 மணித்தியாலப் பயிற்சி வேண்டும் என்று மாகாண ஒழுங்குவிதி சொல்கிறது. சில கிழமைகளில் ஒன்லைனில் முடிக்கலாம் என்று வரும் விளம்பரங்களுக்குக் காசு கட்ட முதல் இந்த எண்ணைக் கேளுங்கள்.

சேருவதற்கு 12ஆம் வகுப்பு வேண்டும். 19 வயதைத் தாண்டியவர்கள் முதிர்ந்த மாணவராக, ஆங்கில மட்டத்தைக் காட்டி உள்ளே வரலாம். ஊர்ச் சான்றிதழ் தொலைந்துவிட்டதே என்று ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

கோர்ஸின் உயிர் செய்முறைக்கூடம்தான். உதாரணத்துக்கு, நடக்க முடியாதவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி மாற்றும் இயந்திரமான லிஃப்ட். எப்போதும் இரண்டு பேர். முதலில் பராமரிப்புத் திட்டத்தில், ஆளைத் தாங்கும் துணியான ஸ்லிங்கின் அளவைப் பார்க்க வேண்டும். துணியில் கிழிசலோ பிரிந்த தையலோ இருந்தால் தொடவே கூடாது. ஆளை ஒருக்களித்துத் திருப்பி ஸ்லிங்கை விரித்து, கீழ்விளிம்பு வால் எலும்போடு நிற்கிறதா என்று பார்த்து, காற்பட்டிகளைத் தொடைக்குக் கீழாக எடுத்துக் குறுக்கே மாட்ட வேண்டும். லிஃப்டின் கொக்கியில் இடப்பக்கம் மாட்டுவது ஸ்லிங்கின் எந்த நிற வளையமோ வலப்பக்கமும் அதே நிறம். இங்கே பிழை விட்டால் ஆள் ஒருபக்கம் சரிவார். நாற்காலியின் பிரேக் பூட்டியிருக்க வேண்டும், லிஃப்டின் கால்கள் அகல விரிந்திருக்க வேண்டும். மெத்தையிலிருந்து சற்று உயர்ந்ததும் நிறுத்தி, எல்லா வளையமும் கொக்கியில் இருக்கிறதா என்று இருவரும் பார்த்த பிறகே மேலே தூக்க வேண்டும். வேலைத்தலத்தில் ஆள் பற்றாத நாளில் தனியாகத் தூக்கத் துணிகிறவர்கள் உண்டு. விபத்து வருவதும் முதுகு போவதும் அப்படித்தான். நல்ல ஆசிரியர் இதைக் கை தானாகச் செய்யும்வரை விடமாட்டார்.

உடுப்பு மாற்றுவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்குப் போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். சாப்பாடு ஊட்டும்போது நிமிர்த்தி இருத்தி, முடிந்தபின் அரை மணித்தியாலமாவது படுக்க விடாமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு சுவாசப்பைக்குள் போகும்.

தமிழ் மாணவர்கள் இவற்றையெல்லாம் விரைவாகப் பிடித்துவிடுகிறார்கள். வீட்டில் அப்பம்மாவைப் பார்த்த கைகள் அல்லவா! அவர்கள் தடுக்குவது குறிப்பு எழுதுவதில். "கோபமாக இருந்தார்" என்று எழுதினால் புள்ளி போகும். "மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார், வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார், 12.20க்குத் தாதியிடம் தெரிவித்தேன்" என்று எழுத வேண்டும். கண்டதும் கேட்டதும் நேரமும் மட்டும். இதை நாளுக்கு ஐந்து வரியாக ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் இரண்டு மாதத்தில் கை திருந்திவிடும். கல்லூரியில் இலவச எழுத்து உதவி இருந்தால் வெட்கப்படாமல் போங்கள்.

இனி அந்தப் பள்ளம். பிளேஸ்மென்டுக்கு முன் கேட்கும் கடதாசிகள் பல: காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசிப் பதிவு, முதலுதவியும் சி.பி.ஆரும் (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி), என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை, பொலிஸ் சோதனை. காசநோய்த் தோல் பரிசோதனை இரண்டு தரம் செய்ய வேண்டும். ஊசி போட்டு 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது ஊசி 1 முதல் 4 கிழமை கழித்து. சின்ன வயதில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நம்மவர்களில் சிலருக்குத் தடிப்பு வரும். அதற்காக நோய் என்று அர்த்தமில்லை, ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, வழக்கமான முறையில் ஆறு மாதம் இழுக்கும். தடுப்பூசி அட்டை ஊரிலேயே போய்விட்டது என்றால் இரத்தப் பரிசோதனை. பொலிஸ் சோதனையில், ஒருவரின் பாலினமும் பிறந்த திகதியும் பழைய பதிவொன்றோடு ஒத்துப்போனால், எந்தக் குற்றமும் செய்யாதவரிடமும் கைரேகை கேட்பார்கள். அதற்கும் கிழமைகள் போகும். ஆகவே அனுமதிக் கடிதம் வந்த கிழமையே குடும்ப வைத்தியரிடம் போங்கள். பொலிஸ் சோதனையை மட்டும் எப்போது எடுப்பது என்று கல்லூரியிடம் கேட்டுச் செய்யுங்கள். மிக முந்தி எடுத்தது செல்லாமல் போகலாம்.

அடுத்தது நேரம். பிளேஸ்மென்ட் முழு ஷிப்ட், பெரும்பாலும் காலை 7 மணிக்கு. அதற்கு முன் திறக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் கிடைப்பது அரிது. கார் இல்லாதவருக்கு இரண்டு பஸ். சம்பளமும் இல்லை. கல்லூரிகள் இதை மாணவரின் சொந்தப் பிரச்சினை என்று விடுவதை ஏற்க முடியாது. இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் தாய்மார் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியும். 2021இல் மாகாண அரசு 115 மில்லியன் டொலர் ஒதுக்கி, 24 பொதுக் கல்லூரிகள் வழியாக 8,200 பேர் வரை கட்டணமின்றிப் பயிற்றத் திட்டம் போட்டபோது, ஆறு மாதப் பயிற்சியின் பின்பாதியைச் சம்பளத்தோடு கூடிய பயிற்சியாக வைத்தது. முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

கையில் காசில்லாதவர்கள் ஓசாப் என்ற மாகாண மாணவர் கடனுக்கு முன் பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ என்ற மாகாண உதவித் திட்டத்தைப் பாருங்கள். 2022 வரை செக்கண்ட் கரியர் என்ற பெயரில் இருந்தது. வேலை இழந்தவர்களுக்கும், குறைந்த வருமானத்தோடு நீண்டநாள் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கும் கட்டணம், புத்தகம், போக்குவரத்து, பிள்ளைப் பராமரிப்பு வரை உதவி கிடைக்கும். கோர்ஸ் தொடங்க முன்பே விண்ணப்பித்து முடிவு வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுக் கட்டணம் கட்டியபின் போய்க் கேட்டால் சிக்கல்.

தனியார் கல்லூரிகளில் பின்னேர, சனி ஞாயிறு வகுப்பு கிடைக்கும். பகலில் வேலை செய்பவருக்கு அது பெரிய வசதி. கட்டணம் பெரும்பாலும் கூட. கட்டில், லிஃப்ட், ஸ்லிங் எல்லாம் எத்தனை பேருக்கு எத்தனை என்று நேரில் போய்ப் பார்த்துச் சேருங்கள். பின்னர் ஆர்.பி.என். (ரெஜிஸ்டர்ட் பிராக்டிகல் நர்ஸ்) தாதியாகும் எண்ணம் இருந்தால், அந்தப் பாதை தெளிவாக உள்ள பொதுக் கல்லூரியே நல்லது.

வேலை கிடைக்குமா? கிடைக்கும். முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு நாளுக்குச் சராசரி 4 மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்பதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் இலக்காக வைத்தது, அதற்குக் கைகள் வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லத்திலும் வீட்டுப் பராமரிப்பிலும் தற்காலிகமாகக் கொடுத்த மணிக்கு 3 டொலர் உயர்வை 2022இல் நிரந்தரமாக்கினார்கள். ஆனால் முதல் வேலை பெரும்பாலும் 'கேஷுவல்' தான்: கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. முழுநேரம் வரும்வரை இரண்டு இடத்தில் ஓடுகிறவர்கள் நிறைய. குடும்பக் கணக்கைப் போடும்போது முதல் ஆண்டுக்கு முழுநேரச் சம்பளத்தை எழுதாதீர்கள்.

கல்லூரித் தகவல் கூட்டத்துக்குப் போனால் மூன்று கேள்வி போதும். பிளேஸ்மென்ட் இடத்தை யார் தேடித் தருவது? வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள்? கடதாசி ஒன்று பிந்தினால் அடுத்த பிளேஸ்மென்ட் எப்போது? மூன்றாவதற்கு "அடுத்த செமஸ்டர்" என்று பதில் வந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.