பஸ் ரேஸை நிறுத்துவது எது: தண்டமா, சம்பளமா, கிலோமீற்றர் கணக்கா?

கொழும்பு காலி வீதியில் பஸ் பறப்பதைப் பார்த்தால் எல்லோரும் சாரதியின் குணத்தைத்தான் திட்டுகிறார்கள். வெள்ளவத்தைச் சந்தையடியில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தனியார் பஸ் ஒன்று "கொட்டுவ, பிட்டகொட்டுவ" (கோட்டை, புறக்கோட்டை) என்று கூவியபடி அசையாமல் நிற்கும். புட்போர்டில் தொங்கும் கொண்டக்டரின் கண் பின்பக்கமே இருக்கும். அதே இலக்க பஸ் பின்னால் தெரிந்ததும் தகரத்தில் இரண்டு தட்டு. ஏறுகிற அம்மாவின் ஒரு கால் தரையில் இருக்கும்போதே வண்டி பாய்ந்துவிடும். அவ்வளவு நேரம் நின்றதற்கும் இப்போது பாய்வதற்கும் காரணம் ஒன்றுதான்: அன்றைய கலெக்‌ஷனிலிருந்துதான் சாரதிக்கும் கொண்டக்டருக்கும் கூலி. அடுத்த தரிப்பிடத்துச் சனம் முந்திப் போகும் பஸ்ஸுக்கே.

இதற்கு நாம் அதிகம் கேட்கும் மருந்து தண்டமும் பயிற்சியும். பயிற்சி நல்லதுதான், ஆனால் எப்படி ஓட்ட வேண்டும் என்று தெரியாமல் யாரும் ரேஸ் ஓடவில்லை. தண்டத்தில், தொகை பெரிதா என்பதைவிடப் பிடிபடுவது நிச்சயமா என்பதே மனிதரைத் தடுக்கிறது. பொலிஸ் எந்தச் சந்தியில் நிற்பார் என்பது சாரதிக்கு மனப்பாடம். என்றாவது வரும் தண்டத்தைவிட இன்றைக்குக் கைக்கு வரும் காசு பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது, மாதச் சம்பளம். அவசரம் குறையும். ஆனால் சனத்தை ஏற்ற வேண்டும் என்ற அக்கறையும் கூடவே போய்விடலாம். சிலியின் சாந்தியாகோவில் 2007இல் புதிய பஸ் முறை வந்தபோது கம்பனிகளின் வருமானம் பயணிகளின் எண்ணிக்கையில் பெரிதாகத் தங்கியிருக்கவில்லை. பஸ்கள் குறைவாக ஓடின, தரிப்பிடங்களில் சனம் குவிந்தது.

என் வாக்கு மூன்றாவதற்கு: ஓடிய கிலோமீற்றருக்குக் காசு, ஒழுங்கான இடைவெளிக்கு மேலதிகம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பஸ் சேவை கிலோமீற்றர் கணக்கில் காசு கொடுத்தது. அந்த வீதிகளில் ஆள் பிடிக்கும் சண்டை ஓய்ந்தது. லண்டனில் 2001 முதல், பயணிகள் அதிகமாகக் காத்திருந்தால் கம்பனிக்கு வெட்டு, குறைவாகக் காத்திருந்தால் போனஸ். இது மனித மனதை அறிந்து செய்த வேலை. தரிப்பிடத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை, பஸ்ஸுக்குள் இருக்கும் நிமிடத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகவே போக்குவரத்துத் திட்டமிடுவோர் கணக்கிடுகிறார்கள். இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வருவது சாரதிக்கும் நட்டம் என்றாகிவிட்டால், அவரே இடைவெளி விட்டு ஓடுவார்.

சுற்றாடல் கதையும் இதில்தான் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பயந்தவர் ஓட்டோ பிடிக்கிறார், அப்புறம் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். லீசிங் கட்டத் தொடங்கிய பிறகு காலையில் பஸ்ஸா பைக்கா என்று அவர் யோசிப்பதே இல்லை. அவரைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றுவது, முதலிலேயே போகாமல் வைத்துக்கொள்வதைவிடப் பலமடங்கு கஷ்டம்.

சிக்கல் பணத்தில் இருக்கிறது. ஓரிரு பஸ் மட்டும் வைத்திருக்கும் முதலாளிமார்தான் இங்கே அதிகம். அவர்களுடைய கலெக்‌ஷன் எல்லாம் ஒரு பொது நிதிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு பயணிக்கும் டிக்கெட் கிழிபட வேண்டும், ஓடாத ஓட்டத்துக்குக் காசு போகாமல் ஜிபிஎஸ் பார்க்க வேண்டும். பாதி பஸ்ஸில் மட்டும் செய்து பார்ப்பதும் சரிவராது: கலெக்‌ஷனுக்கு ஓடுகிற பஸ், கிலோமீற்றருக்கு ஓடுகிற பஸ்ஸின் சனத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். பாணந்துறை–புறக்கோட்டை 100ஆம் இலக்கத்தில் தொடங்குவதென்றால், அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நாளில், ஒரே கணக்குக்குள் வந்தாக வேண்டும்.