ரங்கூன் மாடி வீட்ல இழுவை ரம்பம், பழைய இழைப்புளி - நாலரை வருஷத்துக்கு அப்புறம்

வாங்கின வாரத்துலயே எழுதுற ரிவ்யூ மேல எனக்கு நம்பிக்கை இல்ல, புது ரம்பம் எதுவா இருந்தாலும் வெட்டத்தான் செய்யும், நாலு மழைக்காலம் பாத்த பிறகு வெட்டுதாங்கறதுதான் கேள்வி. நான் தச்சு வேலை தெரிஞ்ச ஆளு இல்ல. பகல்ல கணக்கு வேலை, ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் பால்கனியில மரத்தூள். தாமுவே பக்கம் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பலகை எல்லாம் தோள்ல தூக்கிட்டு ஏறணும். சின்ன கட்டைன்னா பால்கனியில தொங்குற கயித்துல கட்டி இழுத்துக்குவேன் (ரங்கூன்ல இருக்கறவங்களுக்கு அந்த கயிறும் கிளிப்பும் தெரியும், பேப்பர்காரர் மாட்டி விடுவாரே, அதேதான்).

முதல்ல மெஷின்தான் வாங்கினேன், கரண்ட் இழைப்பு மெஷின், கரண்ட் ரம்பம் ரெண்டும். கரண்ட் வர்றப்ப நான் ஆபீஸ்ல இருப்பேன், நான் வீட்ல இருக்கறப்ப கரண்ட் இருக்காது, நடு ராத்திரி வந்தா அந்த சத்தத்துக்கு கீழ் வீட்டு அக்கா மேல ஏறி வந்துருவாங்க. ஆறு மாசத்துல ரெண்டையும் வித்துட்டேன். 2020 கடைசியில ஒரு ஜப்பான் இழுவை ரம்பமும், டவுன்ல நடைபாதையில பழைய சாமான் போட்டு விக்கிறவர்கிட்ட ஒரு ஸ்டான்லி 5ஆம் நம்பர் இழைப்புளியும் வாங்கினேன். விலை சொல்லி பிரயோஜனம் இல்ல, அன்னைக்கு சாட் (பர்மா பணம்) மதிப்பு வேற, இன்னைக்கு வேற.

ரம்பத்தைப் பத்தி முதல்ல. ரியோபான்னு பேரு, 240 மில்லிமீட்டர் பிளேடு, ரெண்டு பக்கமும் பல்லு, ஒரு பக்கம் நீளவாக்குல கிழிக்க, இன்னொரு பக்கம் குறுக்க அறுக்க. நம்ம ஊரு ரம்பம் தள்ளுறப்ப வெட்டும், அதனால மடங்காம இருக்க தகடு தடியா இருந்தாகணும், இது இழுக்குறப்ப வெட்டுது, இழுக்குற தகடு தானா விறைச்சு நேரா நிக்கும், அதனால ரொம்ப மெல்லிசா செய்யலாம். மெல்லிசுன்னா வெட்டுவாய் குறுகல், மரம் வீணாகாது, கையும் வலிக்காது. முதல் மாசம் பழக்க தோஷத்துல தள்ளித் தள்ளி ரெண்டு தடவ தகட்ட வளைச்சேன், கையால நிமித்துனாலும் அந்த இடத்துல ஒரு லேசான நெளிவு கடைசி வரைக்கும் இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இங்க எங்களுக்கு ஈஸியா கிடைக்கிறது பழைய வீடு இடிச்ச தேக்கு. முழு மரமா வெளிநாட்டுக்கு அனுப்புறத 2014 ஏப்ரல் 1லயே நிறுத்திட்டாங்க, ஆனா அதனால எங்களுக்கு நல்ல பலகை மலிவா கிடைச்சுதான்னு கேட்டா இல்ல, மரக்கடையில டன் கணக்குலதான் பேசுவான், இங்க ஒரு டன்னுன்னா எடை இல்ல, 50 கன அடி, என்ன மாதிரி ஆளுக்கு ஒரு அடி துண்டு வேணும்னா சிரிப்பான். அதனால பழைய ஜன்னல் சட்டம், மாடிப்படி கைப்பிடி, கதவுப் பலகைன்னு வாங்குவேன். நல்லா வைரம் பாஞ்ச மரம், பல வருஷம் காஞ்சது, முறுக்காது. ஆனா ரெண்டு வில்லங்கம் இருக்கு.

ஒண்ணு, தேக்குக்குள்ள சிலிக்கா இருக்கு, அதாவது மணல்ல இருக்கற அதே சமாச்சாரம். கண்ணுக்கு தெரியாது, ஆனா பல்லோட கூர்மைய தின்னுரும். இதே ரம்பத்த ரப்பர் மரத்துல போட்டு வருஷக்கணக்கா கூர் போகலன்னு எழுதுறவங்க பொய் சொல்லல, தேக்குல போட்டு பாக்கலன்னு அர்த்தம். ரெண்டாவது வில்லங்கம் ஆணி. தலை முறிஞ்சு உள்ளயே புதைஞ்சு கிடக்கற பழைய ஆணி, மேல ஒரு கருப்பு புள்ளிதான் தெரியும் (இரும்பு பட்டா தேக்கு அந்த இடத்துல கருத்துரும், அதுதான் அடையாளம், அப்ப எனக்கு தெரியல). முதல் பிளேடு 14 மாசம் ஓடிச்சு, 2022 ஆரம்பத்துல ஒரு ஜன்னல் சட்டத்துல க்ர்ர்னு ஒரு சத்தம், ஏழு பல்லு போச்சு. அரம் வச்சு ராவிரலாம்னு உக்காந்தேன், அரம் வழுக்கிட்டு போகுது. பல்லு நுனிய மட்டும் சூடேத்தி கடினமாக்கிருக்காங்களாம், அரத்தை விட அது கடினம், ஆக மொத்தம் தீட்ட முடியாது, கழட்டிப் போட்டு வேற மாட்டணும். என் கணக்குல இந்த ரம்பத்தோட பெரிய குறையே இதுதான். ரெண்டாவது பிளேடு 2024 மழை வரைக்கும் வந்துச்சு, இப்ப மூணாவது. வாங்குறதுன்னா பிளேடு தனியா கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க, பிடி மட்டும் வீட்ல இருந்து என்ன பண்றது. ஒரு சின்ன காந்தமும் வாங்கிருங்க, பலகை மேல தடவிப் பாத்தா ஆணி இருக்கற இடத்துல லேசா இழுக்கும்.

பியின்கடோ மரத்துல இத போடவே போடாதீங்க. மலபார் பக்கம் இருள்னு சொல்றாங்களே அதேதான், ரயில் தண்டவாளத்துக்கு அடியில போட்ட கட்டை, தண்ணியில போட்டா மூழ்கும். நான் ஒரு துண்ட அறுக்க ஒரு சாயந்தரம் முழுக்க இழுத்தேன். எதிர் வீட்டு மாடியில இருந்து பாத்துக்கிட்டே இருந்த ஆசாரி பெரியப்பா கடைசியில இறங்கி, எங்க மாடி ஏறி வந்து, "தம்பி, அது ரம்பத்துக்கு உண்டான மரம் இல்ல, ரம்பம் கடைக்காரனுக்கு உண்டான மரம்"னுட்டு போயிட்டாரு.

அவராலதான் இழைப்புளி பிழைச்சது. வாங்குறப்ப துரு ஏறி ஒரு கட்டி இரும்பா இருந்துச்சு. 14 அங்குல நீளம், 2 அங்குல பிளேடு. மண்ணெண்ணெயில ஊற வச்சு, கண்ணாடி மேல உப்புத்தாள் ஒட்டி அடிப்பாகத்த தேய்ச்சே ரெண்டு வாரம். அப்புறம் மரத்துல வச்சா சீவல் வரல, பிச்சு பிச்சு எடுக்குது. நான் இழைப்புளி சரியில்லன்னு நினைச்சேன், பெரியப்பா பிளேட கழட்டி நகத்துல வச்சு பாத்துட்டு "இது கரண்டி"ன்னாரு. தீட்டுறதுக்கு கல்லு இல்ல, எங்க அக்கா தனக்கா (இங்க பொம்பளைங்க மூஞ்சில பூசுற மரப்பட்டை) அரைக்கிற கல்லு சும்மாதான கிடக்குன்னு அதுல ரெண்டு இழுப்பு இழுத்தேன், அன்னைக்கு வாங்குன திட்டு இன்னும் தீரல, கல்லுல கோடு விழுந்துருச்சு. அப்புறம் 1000, 6000 நம்பர் தண்ணிக்கல்லு ரெண்டு வாங்கினேன். 25 டிகிரி சாய்வு, நுனியில மட்டும் 30. முடிஞ்சதும் புறங்கை முடி வழிக்கணும், இல்லன்னா திரும்ப தீட்டு. தேக்குல இழைச்சா அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு தீட்டத்தான் வேணும், இத சலிப்பா நினைக்கிறவங்களுக்கு கை இழைப்புளி ஒத்து வராது, நிஜமா சொல்றேன் வாங்காதீங்க. எனக்கு அந்த ரெண்டு நிமிஷம் பிடிச்சுப் போச்சு.

அடிப்பாகம் மரத்துல ஒட்டாம வழுக்க மெழுகு தேய்க்கணும். கரண்ட் போற புண்ணியத்துல எங்க வீட்ல மெழுகுவர்த்தி அடித்துண்டுக்கு பஞ்சமே இல்ல. துருவுக்கு தையல் மெஷின் எண்ணெய். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் இங்க காத்துலயே தண்ணி, ஒரு வாரம் துடைக்காம விட்டா ரம்பத்துல செம்புள்ளி வந்துரும், ரெண்டாவது பிளேடு கூர் போயி சாகல, துருவுலதான் போச்சு.

செஞ்சதுல எது நின்னுச்சு எது நிக்கலன்னு சொன்னாதான் ரிவ்யூ முழுசாகும். அம்மாவுக்கு மணைப்பலகை, ஒரே தேக்குப் பலகை, கீழ ரெண்டு கட்டை, இன்னைக்கும் அதுலதான் உக்காந்து காய் நறுக்குறாங்க. சாமி அலமாரிதான் மானத்தை வாங்கிடுச்சு. வெள்ளை பசை போட்டு இறுக்கி வச்சேன், பொங்கலுக்கு சாமி படம் எல்லாம் ஏத்தியாச்சு, ஜூலை மாசம் ஒரு ராத்திரி முருகர் படம் கீழ. பசை பசையாவே உரிஞ்சு வருது, மரத்துல ஒட்டவே இல்ல. தேக்குல எண்ணெய் இருக்கு, அது மேல வந்து படிஞ்சிருக்கும், ஒட்டுறதுக்கு கொஞ்சம் முன்னாடி அசிட்டோன் போட்டு துடைச்சிட்டு ஒட்டணும். நகப்பாலீஷ் எடுக்கிறாங்களே அதுதான். ரெண்டாவது தடவ துடைச்சு, கழுந்தும் துளையும் வெட்டி பொருத்தி ஒட்டினேன், மூணு மழை தாண்டி நிக்குது. அந்த எண்ணெய் இருக்கறதாலதான் கரையானும் கிட்ட வரல, அமரபுரத்துல ஊ பெய்ன் பாலம் 1850 வாக்குல கட்டி தண்ணியில நின்னுக்கிட்டு இருக்கறதும் தேக்குலதான், ஆனா போய் பாத்தா சில தூண மாத்தி கான்கிரீட் போட்டிருக்காங்க, தேக்குக்கும் ஒரு எல்லை இருக்கு.

பாலீஷுக்கு ஆளிவிதை எண்ணெய். பூசின துணிய சுருட்டி பிளாஸ்டிக் வாளியில போட்டுட்டு சாப்பிட போயிட்டேன், திரும்பி வந்து தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, ஒரு கருகல் வாடை. அந்த எண்ணெய் காயுறப்ப காத்தோட சேந்து சூடு வரும், சுருட்டி வச்சா சூடு வெளிய போகாது, தானாவே தீப்பிடிக்கும். மர வீடுங்க நெருக்கமா இருக்கற தெரு எங்களது. இப்ப துணிய கொடியில விரிச்சு காயப் போடுறேன், இல்லன்னா தண்ணியில முக்கி வச்சுருவேன். அப்புறம் மாஸ்க். தேக்குத் தூள் எனக்கு முழங்கையில அரிப்பு எடுக்க வச்சுது, உப்புத்தாள் போடுறப்ப மாஸ்க் இல்லாம போடுறதே இல்ல.

ரம்பத்துக்கு மார்க் போடணும்னா பத்துக்கு ஏழு, தீட்ட முடியாததுக்கு மூணு குறைச்சாச்சு. இழைப்புளிக்கு ஒன்பது, அந்த ஒண்ணு ரெண்டு வாரம் துரு தேய்ச்சதுக்கு. இப்ப ரப்பர் மரத்துல அக்காவுக்கு ஒரு டிராயர் செஞ்சிட்டு இருக்கேன், தனக்கா கல்லு கடன் தீக்கணுமே. மழையில ஊதி இறுகிப் போய் இழுத்தா வர மாட்டேங்குது, இப்ப இழைச்சா வெயில் காலத்துல லொடலொடன்னு ஆடும்னு பெரியப்பா சொல்றாரு, அதனால நவம்பர் வரைக்கும் கட்டில் அடியில தள்ளி வச்சிருக்கேன்.