மாதுளை, பாம்புக் கூந்தல், குங்குமப்பூ நிற உடை: மூவரில் யாரை எழுதுவது?

அக்கா மகள் கல்லூரியில் முதல் வருடம். கிரேக்கப் புராணத்தை வைத்து, தன் வயதுப் பெண்கள் படிக்கிற மாதிரி ஒரு ஃபேன்டசி நாவல் எழுதப் போகிறாளாம். கதை முழுக்கப் பெண்களைச் சுற்றி நடக்க வேண்டும், மாயம் வேண்டும், காதல் கொஞ்சம் இருந்தால் தேவலை. "சித்தி, பெர்செபொனி, மெடூசா, இஃபிஜீனியா. மூணு பேர்ல யாரு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். பதில் போட உட்கார்ந்தது நீண்டுகொண்டே போய்விட்டது. கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

என் ஓட்டு இஃபிஜீனியாவுக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, நடுநிலை என்று பாவனை செய்ய எனக்கு வராது.

ஒடிசியஸ் கதையில் வரும் மந்திரக்காரி சர்சியும் அவன் மனைவி பெனெலொப்பியும் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கான நாவல்களில் இருவரும் ஏற்கெனவே வசதியாகக் குடியேறிவிட்டார்கள். தவிர, பெனெலொப்பிக்கு இருபது வயதில் மகன் இருக்கிறான், சர்சிக்கோ சாவே கிடையாது. பதினேழு வயதின் அவசரத்தை அவர்களிடம் தேட முடியாது.

சரி, பெர்செபொனி. மூவரில் இன்று அதிகம் விலை போகிறவள் இவள்தான். 2018இல் தொடங்கிய 'லோர் ஒலிம்பஸ்' இணைய காமிக்ஸ் இவளையும் பாதாள அரசன் ஹேடீஸையும் காதலர்களாக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே அச்சில் வார்த்த நாவல்கள் இன்னும் எத்தனையோ. ஆனால் மூலத்தைப் படித்தால் வேறு ஒரு பெண் தெரிவாள். ஹோமர் பெயரில் வழங்கும் (அவர் எழுதியதல்ல) 'டிமீட்டர் துதி', அதாவது இவள் அம்மாவான விளைச்சல் தேவியைப் பாடுவது, 495 வரிகள் கொண்டது. ஒரே ஒரு கைப்பிரதியில் பிழைத்துக் கிடந்து, 1777இல் மாஸ்கோவில் அகப்பட்டது. அதில் தோழிகளோடு பூப்பறித்துக்கொண்டிருக்கும் பெண் ஒரு நார்சிசஸ் பூவுக்குக் கை நீட்டுகிறாள், நிலம் பிளக்கிறது, ஹேடீஸ் தேரில் வந்து தூக்கிப் போகிறான். பெண்ணைக் கொடுப்பதாகப் பேசி முடித்தது அப்பா, தேவர்களின் அரசன் ஜீயஸ். பெண்ணுக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. அவள் அலறுகிறாள், அதுவும் அந்த அப்பாவைக் கூப்பிட்டு.

எழுதுகிறவள் இங்கே பார்க்க வேண்டியது மாதுளை விதையை. பாதாளத்தில் அதைத் தின்றதால்தான் அவள் வருடத்தில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போக வேண்டியதாகிறது. ஹேடீஸ் அதை ரகசியமாகத் தின்னக் கொடுத்தான் என்கிறது துதி. சில வரிகள் தள்ளி, திரும்பி வந்த மகள் தாயிடம் சொல்லும்போது, "வேண்டாம் என்றும் வற்புறுத்தித் தின்ன வைத்தான்" என்கிறாள். பல நூற்றாண்டுகள் கழித்து ரோமக் கவிஞர் ஓவிட் எழுதும்போது அவளே தோட்டத்தில் நடந்து, தானே பழம் பறித்து ஏழு விதை தின்கிறாள். கொடுத்தானா, திணித்தானா, எடுத்தாளா? ஒரு விதை எப்படி வாய்க்குள் போனது என்பதில் மூன்று கட்சி. அம்மாவிடம் அவள் சொன்னது உண்மையா, அம்மாவுக்காகச் சொன்னதா? முழு நாவலையும் இந்த ஒரு கேள்வியில் நிறுத்தலாம்.

ஆனால் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. கறுப்பு உடை போட்ட, மனசுக்குள் நல்லவனான ஹேடீஸ். வீட்டை விட்டு ஓடத் துடிக்கும் பெண். அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்து மூச்சுமுட்ட வைக்கும் அம்மா. எனக்கு இதில் கோபம் வருவது அம்மாவை நினைத்துத்தான். ஒன்பது நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் தீப்பந்தங்களோடு தேடி அலைந்தவள், உலகத்தின் விளைச்சலையே நிறுத்தி ஜீயஸைப் பணிய வைத்தவள் டிமீட்டர். பெண்களை மையமாக வைத்த மறுகதை என்று சொல்லிக்கொண்டு, கடத்தினவனை நாயகனாக்கித் தேடினவளை வில்லியாக்குவது என்ன கணக்கு? இந்தக் கூட்டத்துக்குள் ஒரு புதியவள் நுழைந்து தனித்துத் தெரிவதும் கஷ்டம்.

மெடூசா பக்கம் வருவோம். பாம்புக் கூந்தல்காரி, அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். சின்னமாக எடுத்துக்கொண்டால் மூவரில் இவள்தான் பலசாலி. 2020இல் நியூயார்க்கில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பூங்காவில் லூசியானோ கார்பாட்டியின் சிலையை வைத்தார்கள். மெடூசா ஒரு கையில் வாளும் இன்னொரு கையில், புராணத்தில் அவள் தலையை வெட்டிய பெர்சியஸின் தலையுமாக நிற்பாள். மீ டூ பேச்சோடு சேர்ந்து அந்தப் படம் எங்கும் பரவியது. அவளைக் கெடுத்தவன் கடல் தேவன் போசைடன், தலை போனது பெர்சியஸுக்கு. அது பொருந்தவில்லையே என்ற விமர்சனமும் கூடவே வந்தது. நியாயமான விமர்சனம்தான்.

இதிலும் மூலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியடில் கோர்கன் என்ற மூன்று அரக்கிச் சகோதரிகளில் சாவு உள்ளவள் மெடூசா மட்டும். வசந்தகாலப் பூக்கள் நிறைந்த புல்வெளியில் போசைடன் அவளோடு கிடந்தான், அவ்வளவுதான் செய்தி. அதீனா தேவியின் கோயிலில் வைத்துக் கெடுத்தான், தேவி அவள் கூந்தலைப் பாம்பாக்கினாள் என்பது ஓவிட் தருவது. அதை ஓவிட் யார் வாயால் சொல்ல வைக்கிறார் என்று பாருங்கள். பெர்சியஸின் கல்யாண விருந்து. சாப்பிட்டுக் களைத்த கூட்டத்தில் ஒருவன், "அவளுக்கு மட்டும் ஏன் பாம்புத் தலை?" என்று கேட்க, அவளைக் கொன்ற மாப்பிள்ளையே அவள் கெடுக்கப்பட்ட கதையைச் சொல்கிறான். அவளுடைய பழைய அழகுக்கு அவன் காட்டும் சாட்சி, முன்பு பார்த்ததாக யாரோ ஒருவன் சொன்ன பேச்சு. மெடூசாவுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை.

அவளுக்குக் குரல் கொடுக்க ஆசை வருவது இயல்பு. கொடுத்தும் இருக்கிறார்கள், ஜெஸ்ஸி பர்ட்டன் 2021இல் இளையோருக்கென்றே அவள் வாயால் ஒரு படப்புத்தகம் எழுதினார். ஆனால் நாவல் எழுத உட்கார்ந்தால் இடிக்கும். கதையில் அவள் செய்வது என்ன? ஒளிந்திருக்கிறாள், தூங்குகிறாள், தலை போகிறது. அவள் சக்தியோ யார் முகத்தையும் பார்க்க விடாத சக்தி. தோழி ஒருத்தியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாது. முந்நூறு பக்கம் அதை வைத்து ஓட்டப் பெரிய கை வேண்டும். முடிவிலும் இரண்டே வழி: சாகிறாள் அல்லது கொல்கிறாள். எதை எடுத்தாலும் வாசகிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இஃபிஜீனியாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் கிரேக்கர்களே அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவில்லை.

கிமு 458இல் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் காட்டும் இடம் ஔலிஸ் துறை. டிராய் போருக்குக் கிளம்பிய கிரேக்கக் கப்பல்கள் நகர முடியாமல் கிடக்கின்றன. ஆர்ட்டெமிஸ் தேவிக்குப் படைத்தலைவன் அகமெம்னானின் மகளைப் பலி கொடுக்க வேண்டும் என்கிறான் குறிசொல்பவன். ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல அவளைப் பலிபீடத்தின் மேல் தூக்குகிறார்கள். வீட்டுக்குச் சாபம் விட்டுவிடக்கூடாது என்று வாயைக் கட்டச் சொல்கிறான் அப்பா. குங்குமப்பூச் சாயம் தோய்த்த உடை தரையில் வழிகிறது. சுற்றி நிற்கிற ஒவ்வொருவனையும் அவள் கண்ணால் பார்க்கிறாள். அப்பாவின் விருந்துகளில் அவர்களுக்கெல்லாம் பாடியவள் அவள். பெயர் சொல்லிக் கூப்பிட நினைக்கிறாள், முடியவில்லை. கழுத்து வெட்டப்படுவதை ஈஸ்கிலஸ் காட்டுவதில்லை. கதையைப் பாடிச் சொல்லும் கோரஸ் குழு அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

இன்னொரு நாடகாசிரியர் யூரிப்பிடீஸ். அவர் இறந்தபின் மேடையேறிய ஔலிஸ் நாடகத்தில் அதே பெண் பேசித் தீர்க்கிறாள். படையின் பெரிய வீரன் அக்கிலீஸோடு கல்யாணம் என்று பொய் சொல்லி வரவழைத்திருக்கிறார்கள். அம்மா கிளைடெம்னெஸ்ட்ரா "மாப்பிள்ளை" என்று உரிமையோடு கை நீட்ட, எந்தக் கல்யாணம் என்று அக்கிலீஸ் திருதிருவென்று விழிக்கும் காட்சி நிஜமாகவே சிரிப்பு வரவழைக்கும், அடுத்த நிமிடம் வயிற்றைப் பிசையும். மகள் உயிருக்குக் கெஞ்சுகிறாள். பிறகு திடீரென்று, நானே சாகிறேன் என்கிறாள். கெஞ்சினவளுக்கும் துணிந்தவளுக்கும் சம்பந்தமே இல்லையே என்று அரிஸ்டாட்டில் குறை சொன்னார். பதினேழு வயதுப் பெண்ணோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே யூரிப்பிடீஸ் எழுதிய இன்னொரு நாடகத்தில் அவள் சாகவே இல்லை. கடைசி நொடியில் தேவி ஒரு மானை மாற்றி வைத்துவிட்டு, அவளை இன்றைய கிரீமியாவில் இருக்கும் டாரிஸ் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறாள். அங்கே அவள் பூசாரி. கரை ஒதுங்கும் கிரேக்கர்களைப் பலிக்குத் தயார்படுத்துவது அவள் வேலை. கத்தி பிடிப்பது வேறு ஆட்கள், தீர்த்தம் தெளிப்பது இவள். ஔலிஸில் தன்னைச் சுற்றி நின்றவர்களின் இடத்தில் இப்போது அவளே நிற்கிறாள். மற்ற இருவர் கதையிலும் நாயகிக்கு இப்படி ஒரு குற்றம் கிடையாது. பாதிக்கப்பட்டவள் என்பதோடு நின்றுவிடாமல் பதில் சொல்ல வேண்டியவளாகவும் ஆகிறாள். அதற்காகத்தான் என் ஓட்டு.

அப்புறம் அந்தக் கடிதம். பிடிபட்ட இரண்டு கிரேக்கர்களில் ஒருவனை உயிரோடு விட்டு, ஊருக்குக் கடிதம் கொடுத்தனுப்ப நினைக்கிறாள். கப்பல் கவிழ்ந்து ஓலை போய்விட்டால் வாயால் சொல்லலாமே என்று அதை உரக்கச் சொல்கிறாள்: அகமெம்னான் மகன் ஓரெஸ்டஸுக்கு. தூதன் கடிதத்தை வாங்கி, பக்கத்தில் பலிக்காக நிற்பவன் கையில் கொடுத்துவிடுகிறான். அவன்தான் ஓரெஸ்டஸ், அவள் தம்பி.

குறையும் சொல்ல வேண்டும். காதலுக்கு இடம் குறைவு. இருக்கிற ஒரே மாப்பிள்ளை பொய் மாப்பிள்ளை. தேவிகள் வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் முடிவையும் இன்றைய வாசகி ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அந்த முடிவில்தான் அவள் ஏதென்ஸ் பக்கம் பிராரோன் கோயிலுக்குப் போகிறாள். அங்கே சிறுமிகள் ஆர்ட்டெமிஸுக்காகக் 'கரடிகளாக' இருந்து சடங்கு செய்வார்கள், குங்குமப்பூ நிற உடையில். ஔலிஸில் தரையில் வழிந்த அதே நிறம்.

இதையெல்லாம் அனுப்பி இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வரி வந்தது: "சித்தி, அந்தக் கரடிப் பிள்ளைங்களுக்கு எத்தனை வயசு இருக்கும்?"

ஐந்திலிருந்து பத்துக்குள் என்று எழுதிப் போட்டேன்.