குலசேகரத்து விடியலில் மைனர் லீக் பேஸ்பால்: ஒரு பருவச் சந்தாவின் மதிப்பீடு

அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வற்புறுத்தியதால், மேஜர் லீக் எனும் உச்ச மட்டத்துக்கு வீரர்களை வளர்த்தெடுக்கும் மைனர் லீக் பேஸ்பால் ஆட்டங்களை நேரலையில் காட்டும் சந்தா ஒன்றை 2024 ஏப்ரலில் எடுத்தேன். கிழக்குக் கரை நகரங்களில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை 4.30 மணிக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் குலசேகரத்தில் அது ரப்பர் பால்வெட்டுக்கு ஆட்கள் தோட்டத்தில் இறங்கும் நேரம் என்பதால் எழுந்திருப்பது எனக்குச் சிரமமாக இல்லை; மழையால் வெட்டு நின்றுபோன ஜூன், ஜூலை நாட்களில் முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தேன்.

நான்கு படிநிலைகளில் 120 அணிகள் ஆடுகின்றன. மேல்படியான டிரிபிள்-ஏ ஒளிபரப்பு தெளிவாக இருக்கிறது. கீழ்ப்படிகளில் கேமராக்கள் குறைவு. வெளிக்களத்தை நோக்கிப் பறக்கும் பந்து எங்கே விழுந்தது என்பதைச் சில நேரம் வர்ணனையாளர் சொல்லித்தான் அறிய முடியும். இத்தனை நொடிகளுக்குள் பந்தை எறிய வேண்டும் என்று கடிகாரம் வைத்திருப்பதால் ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது; வாரத் தொடக்கத்தில் வளைபந்துக்குத் தடுமாறிய இளைஞர் வார இறுதிக்குள் அதைக் கணிக்கக் கற்றுக்கொள்வதைக் கண்ணாலேயே காணலாம்.

பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பருவத்தை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் முதலிடம் பெற்ற அணியையும் இரண்டாம் பாதியில் முதலிடம் பெற்ற அணியையும் செப்டம்பரில் மோதவிடுகிறார்கள். ஆனால் செப்டம்பர் 1 அன்று மேஜர் லீக் அணிகளின் பட்டியல் 26 பேரிலிருந்து 28 பேராக விரிவதாலும், அதற்கு முன்பே பலர் மேலே அழைக்கப்பட்டுவிடுவதாலும், ஜூனில் வென்று தந்தவர்களில் பலர் அந்த நேரத்தில் அணியில் இருப்பதில்லை. அவர்கள் உயர்ந்தது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஏறத்தாழ 150 ஆட்டங்கள் ஆடிய டிரிபிள்-ஏ பருவத்தை மூன்று ஆட்டத் தொடரிலும், லாஸ் வேகாஸில் நடக்கும் ஒற்றை இறுதியாட்டத்திலும் முடித்துவிடுவது, அணியில் எஞ்சியவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். அந்த ஆண்டின் இறுதியாட்டத்தில் சுகர் லேண்ட் அணி ஒமாஹாவை 13-6 என்ற கணக்கில் வென்றது.

ஒரு பிளேஆஃப் நாளில் எங்கள் ஊர் இணைய இணைப்பு மழையில் அறுந்துபோனது. முடிந்த ஆட்டங்களும் சேமிப்பில் இருப்பதால் அன்று மாலையே முழுதாகப் பார்த்துவிட்டேன். அதிகாலையில் எழ முடியாதவர்கள் மேற்குக் கரையின் டகோமா, சாக்ரமெண்டோ அணிகளைப் பின்தொடரலாம். அங்கு மாலை 7 மணி என்பது நமக்குக் காலை 7.30.