ஜாவா ஸ்பிளாஷ் ஸ்கிரீன்: தட்டியதும் படம் வருகிறது, மற்றது நம் கையில்

பாரிமுனை மொத்தக் கடையின் கல்லாவில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய டெஸ்க்டாப். ஜாவாவில் எழுதிய பில்லிங் மென்பொருளின் ஐகானைத் தட்டினால் பத்து விநாடிக்குத் திரையில் சலனமே இருக்காது. கல்லாக்காரர் மறுபடி தட்டுவார், இன்னொரு தரமும் தட்டுவார். மூன்று பிரதிகள் திறந்து ஒரே டேட்டாபேஸுக்கு அடித்துக்கொள்ளும். இதற்கான மருந்து ஸ்பிளாஷ் ஸ்கிரீன், அதாவது மென்பொருள் திறக்கும்வரை திரையில் நிற்கும் முகப்புப் படம். 2006-இல் வந்த ஜாவா 6 முதல் அது கூடவே இருக்கிறது. காசும் வேண்டாம், தனி லைப்ரரியும் வேண்டாம்.

படத்தைக் காட்டுவது ஜாவாவைக் கிளப்பும் லாஞ்சர் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரமான ஜேவிஎம் எழுந்து உட்காருவதற்குள் படம் வந்துவிடும். ஜேவிண்டோ என்ற சட்டமில்லா ஜன்னலில் நாமே எழுதும் முகப்பு எத்தனை அழகானாலும், ஜாவாவின் ஜன்னல் லைப்ரரியான ஸ்விங் ஏறிய பிறகுதான் தலைகாட்டும்.

பொருத்துவது பத்து நிமிட வேலை. மென்பொருளைக் கட்டிவைத்த ஜார் கோப்பின் விவரப் பட்டியலான மேனிஃபெஸ்ட்டில் 'ஸ்பிளாஷ்ஸ்கிரீன்-இமேஜ்:' (SplashScreen-Image:) என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு, ஜாருக்குள் படம் இருக்கும் பாதையைக் கொடுத்தால் போதும். ஜிஃப், ஜேபெக், பிஎன்ஜி மூன்றும் எடுபடும். அசையும் ஜிஃப்பும் ஓடும். படம் வரவில்லையா? முதலில் மேனிஃபெஸ்ட்டின் கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரி படிக்கப்படாமலே போகும். அடுத்தது பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம். விண்டோஸ் ஃபோல்டரில் கண்டுகொள்ளாமல் விட்ட பிழை ஜாருக்குள் மாட்டிக்கொள்ளும். கட்டளை வரியில் '-ஸ்பிளாஷ்:' (-splash:) கொடுத்தால் அது மேனிஃபெஸ்ட்டை மீறும். ஆனால் அது ஜாருக்குள் தேடாது, டிஸ்க்கில் தனியாக இருக்கும் கோப்பைத்தான் எடுக்கும்.

முதல் ஸ்விங் ஜன்னல் திறந்ததும் படம் தானாக மறையும். வசதிதான், ஆனால் தொல்லையும் இங்கேதான். லைசென்ஸ் பற்றி ஒரு சின்ன டயலாக் எட்டிப் பார்த்தாலும் படம் போய்விடும்; அதன்பின் டேட்டாபேஸ் இணைப்புக்குக் காத்திருந்தால் பழைய வெறுந்திரைதான். இணைப்பு, செட்டிங்ஸ் எல்லாவற்றையும் நிரல் தொடங்கும் மெயினிலேயே முடித்துவிட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும்.

முன்னேற்றப் பட்டை வேண்டுமென்றால் கெட்ஸ்பிளாஷ்ஸ்கிரீனால் படத்தைப் பிடித்து, கிரியேட்கிராஃபிக்ஸால் அதன்மேல் வரைந்து, அப்டேட்டை அழைக்க வேண்டும். அப்டேட்டை மறந்தால் வரைந்தது திரைக்கு வராது. நிரல் எழுதும் ஐடிஇயிலிருந்து ஓட்டும்போது படம் இல்லாததால் கெட்ஸ்பிளாஷ்ஸ்கிரீன் நல் (null), அதாவது வெறுமை, தரும். சோதிக்காமல் விட்டால் மென்பொருள் அங்கேயே விழும். கடைப் பெயரைத் தமிழில் போட விரும்பினால் படத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் ஃபான்ட்டை ஏற்றி வரைவது வீண் தாமதம்.

150 சதவீத ஸ்கேலிங் உள்ள புது லேப்டாப்பில் படம் தபால்தலை போலச் சுருங்கித் தெரியும். ஜாவா 9 முதல் இதற்கு வழி உண்டு: 'முகப்பு.பிஎன்ஜி' பக்கத்தில் 'முகப்பு@150பிசிடி.பிஎன்ஜி' (@150pct) என்று ஒன்றரை மடங்குப் படத்தை வைத்தால் அதை எடுத்துக்கொள்ளும். மேக்கில் '@2எக்ஸ்'. இந்தப் பெயர் வைக்கும் முறை ஆவணத்தின் அடியில் ஒளிந்து கிடப்பது ஏனோ!

ஸ்விங்குக்குப் பதில் ஜாவாஎஃப்எக்ஸ் லைப்ரரியில் எழுதிய மென்பொருளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். படம் தானாக மறையாது, தொடக்கப் படத்துக்கென்றே அதில் பிரீலோடர் இருக்கிறது.

மறுபடி தட்டினால் திறக்கும் இரண்டாவது பிரதியை ஸ்பிளாஷ் ஸ்கிரீன் தடுப்பதில்லை. அதற்கு ஒரு கோப்பைத் திறந்து ஃபைல்சானலின் ட்ரைலாக்கால் பூட்ட வேண்டும். அப்போதும் மறுபடி தட்டினால் படம் ஒரு கணம் மின்னிவிட்டுத்தான் போகும், ஏனென்றால் மெயின் ஓடுவதற்கு முன்பே லாஞ்சர் அதைக் காட்டிவிடுகிறது.