வானகட்டை ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட்டை இதுவரை வாசிக்காதவர் முதலில் எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ். பலர் அவருடைய இன்னொரு நாவலான கேட்ஸ் கிரேடிலைத்தான் சொல்வார்கள். அதில் சிரிப்பு அதிகம், அத்தியாயங்கள் ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான், ரயில் பயணத்திலேயே முடித்துவிடலாம். நானும் அதில்தான் தொடங்கினேன். அதனால் பல வருடங்கள் இவரை நன்றாகக் கிண்டலடிக்கத் தெரிந்த ஒரு அறிவியல் புனைகதைக்காரர் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிண்டல் எங்கிருந்து வருகிறது என்பது ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவைப் படித்த பிறகுதான் புரிந்தது, அப்புறம் கேட்ஸ் கிரேடிலைத் திரும்பப் படித்தபோது அது முதலில் படித்த புத்தகமாகவே இல்லை.

இருநூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் சின்னப் புத்தகம். 1969-இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்தது. பில்லி பில்கிரிம் என்ற ஒரு சாது மனிதன், ஊரில் கண்ணாடிக் கடை நடத்துகிறவன், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி டிரெஸ்டன் நகரத்தில் ஒரு கசாப்புக் கூடத்தில் அடைபடுகிறான். ஐந்தாம் எண் கசாப்புக் கூடம், அதுதான் தலைப்பு. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அந்த நகரத்தை எரிக்கின்றன, பில்லி நிலத்தடி இறைச்சிக் கிடங்கில் இருந்ததால் பிழைக்கிறான். இது அப்படியே வானகட்டுக்கு நடந்தது. அவருக்கு அப்போது 22 வயது. அதன் பிறகு இடிபாடுகளுக்குள்ளிருந்து பிணங்களை வெளியே எடுக்கும் வேலையில் கைதிகளைப் போட்டார்கள், அவரும் அதைச் செய்தார். திரும்பி வந்து இதை எழுதி முடிக்க அவருக்கு இருபது வருடத்துக்கும் மேல் ஆனது.

முதல் அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள், முன்னுரை போலத் தெரிவதால் சிலர் தாண்டுகிறார்கள். கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. வானகட் தன் பழைய போர் நண்பர் ஓஹேரின் வீட்டுக்குப் போகிறார், இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய நினைவுகளைத் தோண்டலாம் என்று எண்ணம். நண்பரின் மனைவி மேரி கோபமாக இருக்கிறார், சமையலறைத் தொட்டியில் ஐஸ் தட்டை அடிக்கும் சத்தத்திலேயே அந்தக் கோபம் தெரிகிறது. கடைசியில் வெடித்துவிடுகிறார்: போரில் நீங்கள் எல்லாம் குழந்தைகள்தானே, ஆனால் புத்தகத்தில் வளர்ந்த வீரர்களாகக் காட்டுவீர்கள், அதை வைத்துப் படம் எடுப்பார்கள், இன்னும் பல போர் வரும், அதிலும் குழந்தைகள்தான் சாவார்கள். அப்படி எழுத மாட்டேன் என்று வானகட் அங்கேயே அவருக்கு வாக்குக் கொடுக்கிறார். குழந்தைகளின் சிலுவைப்போர் என்று புத்தகத்துக்கு இன்னொரு பெயரும் வைத்தார், மேரிக்கே சமர்ப்பணமும் செய்தார். ஒரு நாவலின் முழு நியாயமும் சமையலறையில் நின்று கோபப்படும் ஒரு அம்மாவிடமிருந்து வருவதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் புத்தகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் சின்னச் சின்ன வாக்கியங்கள். சிகாகோவில் செய்தி நிருபராக ஓடிக்கொண்டிருந்தவர், அந்தப் பழக்கம் தெரியும், யார், எங்கே, என்ன ஆனது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். சோகத்தை அழுத்திச் சொல்ல மாட்டார். யாராவது இறந்தால் உடனே ‘ஸோ இட் கோஸ்’ என்று மூன்று சொல். நம் இழவு வீட்டில் வயதான ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ‘அவ்வளவுதான்’ என்பாரே, கிட்டத்தட்ட அந்தத் தொனி. புத்தகத்தில் அது நூறு தடவைக்கும் மேல் வருகிறது, நகரம் எரிந்தாலும் வருகிறது, கைதிகளின் உடையிலிருந்த பேன்கள் செத்தாலும் வருகிறது, நுரை போன ஷாம்பெயினுக்கும் வருகிறது. ஐம்பதாவது பக்கத்தில் எனக்கு அலுப்புத் தட்டியது உண்மை. நூறைத் தாண்டும்போது அந்த மூன்று சொல்லைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. எண்ணிக்கை கூடக் கூட அது சமாதானமாக இல்லாமல் ஒரு குற்றப்பட்டியலாக ஆகிவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பில்லி ஒரு இரவு தொலைக்காட்சியில் போர்ப் படம் பார்க்கிறான், காலத்தில் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்கும் அவனுக்கு அந்தப் படம் பின்னோக்கி ஓடுகிறது. காயம்பட்ட விமானங்கள் பின்பக்கமாகப் பறக்கின்றன, எரியும் நகரத்துக்கு மேலே போய் நெருப்பைச் சுருக்கி இரும்பு உருளைகளுக்குள் இழுத்துக்கொள்கின்றன, உருளைகள் விமானத்துக்குள் ஏறி அடுக்கில் உட்கார்கின்றன. ஊர் திரும்பியதும் தொழிற்சாலைகளில் அவற்றைப் பிரிக்கிறார்கள், உள்ளேயிருந்த தாதுக்களை யாரையும் இனி காயப்படுத்தாதபடி மண்ணுக்குள் புதைத்து ஒளித்து வைக்கிறார்கள், வீரர்கள் எல்லாம் பள்ளிப் பையன்களாகிறார்கள். ஒரு பக்கம்கூட இல்லை. இந்த நாவலில் வரும் வேற்றுக்கிரகவாசிகள், காலப்பயணம் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பத்திதான் பதில், வேறு எந்த வழியிலும் இதை எழுத முடியாது.

அப்புறம் அந்தக் குதிரைகள். நகரம் எரிந்ததற்கோ, பிணங்களுக்கோ பில்லி அழவில்லை. போர் முடிந்த பிறகு தாங்கள் ஓட்டிவந்த வண்டிக் குதிரைகளின் வாயில் ரத்தம் கசிவதையும் குளம்பு உடைந்திருப்பதையும் ஒரு கணவனும் மனைவியும் காட்டும்போதுதான் உடைந்து அழுகிறான். போர் முழுவதிலும் அந்த ஒரு தடவைதான்.

குறைகள் இருக்கின்றன. டிரெஸ்டனில் 1,35,000 பேர் இறந்ததாகப் புத்தகம் சொல்லும், அது அன்று புழக்கத்தில் இருந்த தவறான கணக்கு. டிரெஸ்டன் நகரமே அமைத்த வரலாற்றாளர் குழு 2010-இல் சுமார் 25,000 பேர் வரை என்று முடிவுக்கு வந்தது. என் கையிலிருக்கும் பதிப்பில் இதைப் பற்றி ஒரு அடிக்குறிப்புகூட இல்லை, பதிப்பாளர்கள் சேர்த்திருக்கலாம், சேர்க்கவும் வேண்டும். இன்னொன்று பெண் பாத்திரங்கள். மேரியை முதல் அத்தியாயத்தில் அவ்வளவு உயிரோடு காட்டியவர், பில்லியின் மனைவியை எழுதும்போது அவளது பருமனையும் பெருந்தீனியையும் தாண்டிப் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. அது எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் உறுத்துகிறது.

இதை முடித்ததும் கேட்ஸ் கிரேடிலுக்கு வாருங்கள். 1963-இல் வந்தது, 127 குட்டி அத்தியாயங்கள். வானகட் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர், அவருடைய அண்ணன் பெர்னார்ட் அங்கேயே விஞ்ஞானி, மேகத்தில் சில்வர் அயோடைடு தூவி மழை வரவழைக்கும் ஆராய்ச்சி செய்தவர். கண்டுபிடிப்பதில் மட்டுமே ஆர்வம், அதை யார் என்ன செய்வார்கள் என்ற கவலை இல்லாத விஞ்ஞானிகளை வானகட் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறார். நாவலில் ஹோனிக்கர் என்ற விஞ்ஞானி அப்படித்தான், அணுகுண்டை உருவாக்கியவர்களில் ஒருவர், ஹிரோஷிமாவில் அது விழுந்த நாளில் வீட்டில் ஒரு நூலைக் கையில் சுற்றி விளையாடிக்கொண்டிருக்கிறார். சேறு தொல்லையாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று ராணுவத் தளபதி ஒருவர் கேட்டதற்காக, சாதாரண வெப்பத்திலேயே தண்ணீரை உறைய வைக்கும் ஐஸ்-நைன் என்ற பொருளையும் உருவாக்கிவிடுகிறார். ஒரு துணுக்கு கடலில் விழுந்தால் உலகத்தின் கதி என்ன என்று அவர் யோசிப்பதே இல்லை. அந்த மனிதர் மேல் வானகட்டுக்கு வெறுப்புகூடக் கிடையாது, ஒரு குழந்தையைக் காட்டுவது போலவே காட்டுகிறார், அதுதான் பயமாக இருக்கிறது. பொய் என்று தானே ஒப்புக்கொள்ளும் ஒரு மதமும் இதில் வருகிறது, அதை நீங்களே படியுங்கள்.

பிரேக்ஃபாஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரே வரைந்த படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன, அமெரிக்காவின் இனவெறியையும் பணப்பேயையும் வேற்றுக்கிரகத்தாருக்கு விளக்குவது போல எழுதியிருக்கிறார், ஆனால் பாதிக்கு மேல் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே போகிறது. மற்ற இரண்டையும் படித்துப் பிடித்தவர்களுக்கு அதுவும் பிடிக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: மின்னூலாக வாங்காதீர்கள். ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவில் ஒரு கல்லறைப் படமும் ஒரு கழுத்துச் சங்கிலிப் பதக்கத்தின் படமும் உண்டு, இரண்டிலும் கையால் எழுதிய வரிகள் இருக்கின்றன, அவை கதையின் பகுதி. நான் முதலில் வாங்கிய மின்னூலில் அந்தப் படங்கள் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, பெரிதாக்கினால் மங்கிப்போய்க் கிடந்தன. சரி, ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். ஒரு வருடம் கழித்து நூலகத்தில் அச்சுப் பிரதியைப் புரட்டியபோதுதான் அந்தக் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன், அன்றைக்கே பழைய புத்தகக் கடையில் ஒரு பேப்பர்பேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.